ஸ்கேனில் தெரியாத வயிற்று வலி

குடல்வாலை எடுத்தாயிற்று. ஓராண்டு கழித்துப் பித்தப்பையையும் எடுத்தாயிற்று. கருப்பைப் பக்கம் ஏதாவது இருக்கலாம் என்று மூன்றாவது முறையும் வயிற்றைத் திறந்து பார்த்தாயிற்று. வலி மட்டும் அதே வேகத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. அறுவை சிகிச்சை நிபுணர்களுக்கு இப்படித் தழும்பேறிய வயிறுகள் புதியவை அல்ல. தழும்பு கூடக் கூட, ‘இவருக்கு மனத்தில்தான் கோளாறு’ என்ற சந்தேகமும் கூடிக்கொண்டே போகிறது. இதில் பெரிய கொடுமை அதுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தாங்க முடியாத வயிற்று வலி திடீரென்று வந்தால், பெரும்பாலும் காரணம் மருத்துவர்களுக்குப் பழகியதாகவே இருக்கும். குடல்வால் அழற்சி, பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல், இரைப்பைப் புண் ஓட்டையாவது, கணைய அழற்சி, குடல் அடைப்பு, கருக்குழாயில் தங்கிய கர்ப்பம் என்று அந்தப் பட்டியல் நீளும். சிலருக்கு மாரடைப்பே மேல்வயிற்று வலியாகத் தொடங்குவதுண்டு. இவற்றைத் தேடாமல் விட்டால் உயிர் போகும். ஆகவே முதலில் இவற்றைத் தேடுவதுதான் முறை. நள்ளிரவு அவசரப் பிரிவில் தனியாளாக நூறு பேரைப் பார்க்கும் இளம் மருத்துவரைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல.

என் கேள்வி அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. ஸ்கேன் சரியாக இருக்கிறது, ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது, எண்டோஸ்கோப்பியிலும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நோயாளி கட்டிலில் புரண்டு துடிக்கிறார். இரண்டு மாதம் முன்பும் இதே போல வந்தார், இதே போல ‘கேஸ் டிரபிள்’ என்று எழுதி அனுப்பினோம். இந்த இடத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்வது மருத்துவ முடிவாகாது. தேடியது கிடைக்கவில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது.

தமிழ் மரபில் வயிற்று வலிக்கென்றே ஒரு பெருங்கதை இருக்கிறது. திருநாவுக்கரசர் சமணத்தில் இருந்தபோது சூலை நோயால் துடித்ததையும், செய்த வைத்தியம் எதுவும் பலிக்காமல் திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரைத் தேடி வந்ததையும் பெரியபுராணம் சொல்கிறது. அது இன்ன நோய் என்று இன்றைக்கு உட்கார்ந்து பெயர் சூட்டுவது வீண் வேலை. அந்தக் கதையில் என் மனத்தைத் தொடுவது வேறு. அவர் வலியை ஒருவரும் நடிப்பு என்று சொல்லவில்லை. இன்று அதே வலியோடு வரும் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அந்த நம்பிக்கைகூட கிடைப்பதில்லை. ‘வேலைக்குப் பயந்து படுத்துக்கொள்கிறாள்’, ‘புகுந்த வீடு பிடிக்கவில்லை’, ‘மாதவிலக்கு வலியைப் பெரிதாக்குகிறாள்’ என்று வீட்டிலும் பேச்சு, சில சமயம் வார்டிலும் பேச்சு.

அப்படிப் பேச்சு வாங்குபவர்களில் சிலருக்கு இருப்பது போர்ஃபைரியா என்ற பரம்பரை நோய். அதில் பல வகைகள் உண்டு. வயிற்று வலியோடு வருவதில் முக்கியமானது ‘அக்யூட் இன்டர்மிட்டன்ட் போர்ஃபைரியா’, அதாவது விட்டு விட்டுத் தாக்கும் தீவிர போர்ஃபைரியா. ஐரோப்பியக் கணக்குப்படி பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இது நோயாக வெளிப்படுகிறது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அமெரிக்காவில் 2014இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து நோயின் பெயர் தெரிய சராசரியாக 15 ஆண்டுகள் ஆகின்றன. வசதியும் ஆய்வகமும் நிறைந்த நாட்டிலேயே இந்த நிலை.

நோய் ஒன்றும் புதிதல்ல. ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் பாரெண்ட் ஸ்டோக்விஸ், சல்ஃபோனல் என்ற தூக்க மருந்தைச் சாப்பிட்ட மூதாட்டி ஒருவர் கருஞ்சிவப்பாகச் சிறுநீர் கழித்து இறந்துபோனதை 1889இல் பதிவு செய்தார். ஸ்வீடனில் யான் வால்டன்ஸ்ட்ரோம் என்ற இளம் மருத்துவர் ஊர் ஊராகத் தேடி, 103 நோயாளிகளைத் தொகுத்து 1937இல் ஆய்வேடு எழுதினார். வடக்கு ஸ்வீடனில் குடும்பம் குடும்பமாக இந்த நோய் இருப்பது அப்போதுதான் தெளிவானது. அவர் தேடியதால் கிடைத்தார்கள்.

உடலில் நடப்பது இதுதான். ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீம் என்ற பொருளை நம் உடல் எட்டுப் படிகளில் தயாரிக்கிறது. எலும்பு மஜ்ஜை மட்டுமல்ல, கல்லீரலும் தன் தேவைக்கு ஹீம் தயாரிக்கிறது. மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகளுக்கு அது வேண்டும். இந்த நோயின் மரபணுக் குறை உள்ளவர்களுக்கு மூன்றாவது படியின் நொதி பாதியளவுதான் வேலை செய்யும். வாய்க்காலில் ஒரு மதகு பாதி மூடிக் கிடப்பது போன்ற நிலை அது. வழக்கமான நீர் வரத்துக்குத் தொல்லை இல்லை. மேலே அணையை அதிகமாகத் திறந்துவிட்டால் மதகுக்கு முன்னால் தேங்கிக் கரை உடையும். கல்லீரலுக்குத் திடீரென்று கூடுதல் ஹீம் தேவைப்படும்போது, மூன்றாவது படிக்கு முந்தைய பொருள்கள் இப்படித்தான் பெருகித் தேங்குகின்றன. அவற்றால் பாதிக்கப்படுவது நரம்பு. குடலை இயக்கும் நரம்புகள் பாதிக்கப்படும்போது வயிற்று வலி வருகிறது.

வலி நரம்பில் இருப்பதால் ஸ்கேனில் எதுவும் தெரியாது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் பெரும்பாலும் மெத்தென்றுதான் இருக்கும். காய்ச்சல் இருக்காது, வெள்ளணுக்கள் பெரிதாக ஏறாது. ஆனால் நாடி வேகமாக ஓடும், ரத்த அழுத்தம் ஏறும், மலச்சிக்கல் இருக்கும், வாந்தி நிற்காது, தூக்கம் வராது. வலி மணிக்கணக்கில் தொடங்கி நாள்கணக்கில் நீளும். முதுகுக்கும் தொடைக்கும் பரவும். ரத்தத்தில் சோடியம் இறங்கினால் வலிப்பு வரும். சிலர் குழம்பிப் பேசுவார்கள், இல்லாதது தெரிவதாகச் சொல்வார்கள். அப்போது குடும்பம் மருத்துவமனையை விட்டுவிட்டு மந்திரிக்கப் போகும். நோய் முற்றினால் தோளைத் தூக்கித் தலை வார முடியாத அளவுக்குத் தசை தளரும். மூச்சுத் தசைகளும் ஓய்ந்து செயற்கை சுவாசத்தில் வைக்க வேண்டி வரலாம்.

தாக்குதலைத் தூண்டுபவை என்னென்ன என்று பார்த்தால், நம் வீட்டுப் பெண்களின் அன்றாடமே அதில் இருக்கிறது. கோயில் திருவிழாவோ கல்யாணமோ வந்தால் மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே மாத்திரை வாங்குகிறார்கள். அதில் இருக்கும் புரொஜெஸ்டிரோன் வகை மருந்து இந்த நோயைத் தூண்டக்கூடியது. உடலில் இயல்பாகச் சுரக்கும் அதே ஹார்மோன் ஏறும் காலமான மாதவிலக்குக்கு முந்தைய நாள்களில்தான் பலருக்குத் தாக்குதல் வருகிறது. பருவமடைவதற்கு முன் இந்த நோய் அரிது; மாதவிலக்கு நின்ற பிறகு குறைகிறது. நோயாளிகளில் பெரும்பகுதி இளம் பெண்களாக இருப்பதற்கு இதுவே காரணம். மாதந்தோறும் ஒரே கணக்கில் வருவதாலேயே ‘அது எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான்’ என்று தள்ளிவிடப்படுவதற்கும் இதுவே காரணம்.

அடுத்தது பட்டினி. சஷ்டி, ஏகாதசி என்று நாள் முழுக்க விரதம் இருப்பது மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாது. இந்த மரபணுக் குறை உள்ளவரைச் சாய்த்துவிடலாம். உடல் இளைக்க மாவுச்சத்தை அறவே விலக்கும் பேலியோ, கீட்டோ உணவு முறைகளும் அப்படித்தான். மதுவும் புகையும் தொற்றுநோயும் சேர்ந்துகொள்ளும். இவற்றுக்கெல்லாம் மேல் இருக்கிறது மருந்துச் சீட்டு. வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டோன், கார்பமசெபின், சல்ஃபா மருந்துகள், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், மயக்க மருந்தான தயோபென்டோன். சோடியம் இறங்கி வலிப்பு வந்த நோயாளிக்கு, வழக்கப்படி ஃபெனிடாயின் ஏற்றினால் நோய் இன்னும் மூளும். நோய் தெரியாத மருத்துவமனையில் நல்லெண்ணத்தோடு செய்யும் சிகிச்சையே ஆளைக் கொல்லும் நிலை இது.

இதற்குத் தென்னாப்பிரிக்காவில் கசப்பான சான்று உண்டு. அங்கே பரவியிருக்கும் இன்னொரு வகைப் போர்ஃபைரியாவை ஜெஃப்ரி டீன் என்ற மருத்துவர் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கித் தேடி, 1688இல் கேப் பகுதியில் மணமுடித்த டச்சுத் தம்பதியிடம் கொண்டுபோய் நிறுத்தினார். ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் அந்தக் குறையோடு பிள்ளை குட்டி பெற்றுப் பெருகி வாழ்ந்த வம்சம், சல்ஃபா மருந்தும் பார்பிட்டுரேட் மயக்க மருந்தும் வந்த பிறகே அதிகம் சாகத் தொடங்கியது.

கண்டுபிடிக்கும் வழி என்ன? சிறுநீர். தாக்குதலின்போது போர்ஃபோபிலினோஜென், சுருக்கமாக பிபிஜி, சிறுநீரில் பல மடங்கு பெருகும். கழித்தவுடன் சாதாரண நிறத்தில் இருந்து, வெளிச்சத்தில் வைத்தால் சில மணி நேரத்தில் கருஞ்சிவப்பாகவோ கரும்பழுப்பாகவோ மாறும் சிறுநீர் இதற்கு நல்ல துப்பு. எல்லாருக்கும் மாறும் என்று சொல்ல முடியாது. சோதனைக்கு எடுக்கும் சிறுநீரை வெளிச்சம் படாமல் காகிதம் சுற்றி அனுப்ப வேண்டும். வலி இருக்கும்போதே எடுக்க வேண்டும். வாட்சன், ஷ்வார்ட்ஸ் என்ற இருவர் இதற்கான எளிய சோதனையை 1941இலேயே வகுத்துவிட்டார்கள். அதற்கு வேண்டிய எர்லிக் கரைசல், சிறுநீரில் யூரோபிலினோஜென் பார்க்க மருத்துவ மாணவர்கள் முதலாண்டிலேயே பழகும் கரைசல்தான். அதில் நேர்மறையாக வந்தால் அளவிட்டு உறுதிசெய்யும் சோதனையும், பிறகு மரபணுச் சோதனையும் செய்யலாம். லட்சக்கணக்கில் செலவழித்து மூன்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட நோயாளிக்கு இந்த முதல் சோதனை ஒருமுறைகூட செய்யப்படாமல் போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கருவி இல்லை என்பதோ பணம் இல்லை என்பதோ இதற்குச் சமாதானம் ஆகாது. நினைவுக்கு வரவில்லை என்பதுதான் உண்மை.

சிகிச்சையும் இருக்கிறது. நம் ஊரில் வயிற்று வலி என்று போனால் ‘ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள்’ என்று கேட்பதும் ஏற்றுவதும் வழக்கம். இந்த நோயில் குளுக்கோஸ் உண்மையிலேயே மருந்து. கல்லீரலின் அந்த மிகை உற்பத்தியை அது ஓரளவு அடக்கும். ஆனால் வழக்கமான 5 சதவீத அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம்தான். நாளொன்றுக்குத் தேவைப்படுவது 300 கிராமுக்குக் குறையாமல். அதை வெறும் தண்ணீர்க் கரைசலாக மேலும் மேலும் ஏற்றினால் சோடியம் இறங்கும். ஆகவே அடர்த்தியான கரைசலை, சோடியத்தைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். இரண்டு பாட்டிலில் சற்றுத் தெளிந்து வீட்டுக்குப் போனவர் இரண்டு நாளில் மறுபடி சுருண்டு வருவதன் பின்னணி சிலருக்கு இதுவாக இருக்கக்கூடும்.

தீவிரத் தாக்குதலுக்கு உரிய மருந்து ஹீமேதான். ரத்தக்குழாய் வழியாக நான்கு நாள் கொடுப்பார்கள். அரிய நோய்களுக்கான மருந்துகளை ஊக்குவிக்க அமெரிக்கா 1983இல் ஒரு சட்டம் கொண்டுவந்தபோது, அதே ஆண்டு ஒப்புதல் பெற்றது ஹீமின் மருந்து. அடிக்கடி தாக்குதல் வருபவர்களுக்காக கிவோசிரான் என்ற ஊசி 2019இல் வந்தது. அதன் விலை ஆண்டுக்குக் கோடிகளில் இருப்பதால் நம்மில் பெரும்பாலோருக்கு அது இன்னும் கைக்கெட்டாது. ஆனால் ஆபத்தான மருந்துகளைத் தவிர்ப்பதற்கும், வேளாவேளைக்குச் சாப்பிடுவதற்கும், விரதத்தைக் கைவிடுவதற்கும் ஒரு காசும் ஆகாது. நோயின் பெயர் தெரிந்தாலே பாதி சிகிச்சை முடிந்தது என்று இந்த ஒரு நோயிலாவது துணிந்து சொல்லலாம்.

போர்ஃபைரியா மட்டுமல்ல. பரம்பரை ஆஞ்சியோஎடிமா என்ற நோயில் குடல் சுவரே திடீரென்று வீங்கி வலி எடுக்கும். ஏறத்தாழ 50,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கும். முகமும் கையும் வீங்கும் வரலாறு இருந்தால் துப்பு கிடைக்கும். வயிறு மட்டும் வீங்குபவர்களுக்கு வலி இருக்கும்போதே ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், இரண்டு நாள் கழித்து எடுத்தால் குடல் பழையபடி இருக்கும். அலர்ஜி ஊசியும் ஸ்டீராய்டும் இதற்குப் பலிக்காது. ரத்த அழுத்தத்துக்கு எடுக்கும் எனலாபிரில் வகை மாத்திரை இதை மோசமாக்கும். குரல்வளை வீங்கினால் மூச்சடைத்துச் சாவு நேரும். ரத்தத்தில் சி4 என்ற புரதம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை.

மத்தியதரைக் கடலோர மக்களிடம், துருக்கியர், ஆர்மீனியர், யூதர், அரபியரிடம், காய்ச்சலோடு ஒன்றிரண்டு நாள் வயிறு கல்லாக இறுகி வலிக்கும் இன்னொரு பரம்பரை நோய் உண்டு. குடல்வால் அழற்சி என்று தவறாக அறுக்கப்பட்டவர்கள் அவர்களில் ஏராளம். 1972இல் அதற்கு கோல்சிசின் பலன் தருவது தெரிந்தது. தாக்குதலைத் தடுப்பதோடு சிறுநீரகம் கெடாமலும் காக்கிறது. அந்தக் கோல்சிசின் எதில் இருக்கிறது தெரியுமா? நம் மாநில மலரான செங்காந்தளின் விதையில். ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் வட்டாரங்களில் கண்வலிக்கிழங்கு என்று விவசாயிகள் பயிரிட்டு விதையை ஏற்றுமதிக்கு விற்கும் அதே கொடி. எங்கோ ஒரு தேசத்துக் குழந்தையின் வயிற்று வலியைத் தடுக்கும் மருந்து நம் செம்மண்ணில் விளைகிறது என்பது பெருமைக்குரிய செய்தி. கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு என்பதால், மருத்துவர் அளவு பார்த்துத் தரும் மாத்திரையைத் தவிர வேறெந்த வடிவிலும் அதைத் தொடக் கூடாது.

ஈய நஞ்சும் இதே வரிசையில் வரும். ஈயம், போர்ஃபைரியாவில் பழுதாகும் அதே ஹீம் தயாரிப்பு வரிசையைத்தான் கெடுக்கிறது. பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் பட்டறையில் வேலை செய்பவருக்குச் சுருட்டிப் பிடிக்கும் வயிற்று வலி வந்தால், ‘என்ன வேலை பார்க்கிறீர்கள்?’ என்ற ஒரு கேள்வி பல சோதனைகளை மிச்சப்படுத்தும்.

தேடினால் கிடைக்கும் என்பதற்கு நீலகிரியே சாட்சி. அரிவாள் செல் ரத்தசோகையிலும் வயிற்று வலி கடுமையாக வரும். இந்தியாவில் அந்த நோய்க்கூறு முதன்முதலில் 1952இல் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அதற்கு முன்பும் அவர்களுக்கு வலித்தது, பெயர்தான் இல்லை. இன்று அதை ஒழிக்க 2047ஐ இலக்காக வைத்து, 7 கோடிப் பேரைச் சோதிக்கும் தேசியத் திட்டம் 2023 முதல் நடக்கிறது.

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021இல் வந்தது. அதன் பட்டியலில் தீவிர போர்ஃபைரியாவும் ஹீமின் மருந்தும் இடம்பெற்றிருக்கின்றன. நோயாளிக்கான உதவித்தொகை வரம்பு 2022இல் 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. நல்ல விஷயம். ஆனால் அந்த உதவி நோயின் பெயர் தெரிந்தவருக்குத்தான். பெயரே தெரியாமல் ‘அல்சர்’ மாத்திரையோடு அலைபவருக்கு அந்தக் கொள்கையால் ஒரு பயனும் இல்லை. கொள்கையின் முதல் வாசல் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறது.

தமிழகத்தில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அத்தனையிலும் உயிர்வேதியியல் துறை இருக்கிறது, கரைசல் இருக்கிறது, ஆள் இருக்கிறது. காரணம் தெரியாத கடும் வயிற்று வலியோடு இரண்டாவது முறை சேர்க்கப்படும் ஒவ்வொருவருக்கும் சிறுநீர் பிபிஜி சோதனை கட்டாயம் என்று ஓர் அரசாணை போதும். பாம்புக்கடி மருந்தைக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுசேர்த்த மாநிலம் இது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், சென்னையிலும் மதுரையிலுமாவது ஹீம் மருந்தைச் சில குப்பிகள் இருப்பு வைத்து, கேட்ட இடத்துக்கு ஒரே நாளில் அனுப்ப முடியாதா? முடியும். எந்த மருந்து ஆகும், எது ஆகாது என்ற பட்டியலை நார்வேயின் பெர்கன் நகர மையம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அதைப் பார்த்து நோயாளிக்கு ஓர் அட்டை எழுதிக் கொடுக்கலாம்.

குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. போர்ஃபைரியாவின் மரபணுக் குறை பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், அது பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. வந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு தாக்குதல்கூட வராது. ஆகவே பெண்ணுக்குக் கல்யாணம் தடைபடும் என்று சோதனையை மறைக்கத் தேவையில்லை. அக்காவுக்கு இருப்பது தெரிந்தால் தங்கைக்கும் பார்ப்பது, அவள் நாளைக்கு மயக்க மருந்து வாங்கும்போதோ வலிப்பு மாத்திரை எடுக்கும்போதோ உயிரைக் காக்கத்தான்.

திரும்பத் திரும்ப வரும் கடும் வயிற்று வலிக்கு உங்கள் வீட்டில் ஒருவர் பதில் தெரியாமல் இருந்தால், அடுத்த முறை வலி வரும்போதே சிறுநீர் பிபிஜி சோதனையைச் செய்து பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சாப்பிட்ட மாத்திரைகளின் பெயர்களையும், வலி வந்த தேதிகளையும், மாதவிலக்குத் தேதிகளையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். இன்னொரு அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்பது உங்கள் உரிமை.